கட்டைவிரல்

லேவார்டனில், கால்வாயைப் பார்த்த மூன்றாம் மாடியில்
வொப்பே என்னை வரவேற்கிறான்,
இன்னும் அவன் மனைவி என்ற நினைப்பில்.
விவாகரத்தாகிப் பதினோரு வருடம்.
அவனே கையெழுத்துப் போட்ட தாள்;
அவன் தலையில் அது எங்கும் இல்லை.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்:
மூளையின் அடியில் இரண்டு சிறு மேடுகள்.
பட்டாணியளவு இருக்கவேண்டியவை
வற்றி, மிளகாகிவிட்டன.
புதிதாக எதுவும் இனி அந்த வாசலைத் தாண்டி
உள்ளே போய்த் தங்காதாம்.
"குடி மட்டுமல்ல," என்றார்,
"சாப்பாடே இல்லாத குடி."
சரிதான். யெனேவர் பாட்டிலுக்குத் துணையாக
அவன் தின்றதெல்லாம் உப்பு பிஸ்கட்டும் என் பொறுமையும்.
குறைந்துபோனது ஒரு வைட்டமினாம், சல்லிக்காசு விலை.
மஞ்சள் நீராக அதை நரம்பில் ஏற்றினார்கள்,
வீடு எரிந்து முடிந்தபின் வந்துசேர்ந்த தண்ணீர் வண்டி.

கணுக்காலுக்குக் கீழிருந்து அவனுக்குச் செய்தி வருவதில்லை.
பஞ்சின்மேல் நிற்பதுபோல, என்கிறான்.
கால்களை அகட்டி அகட்டி நடக்கிறான்
இந்தத் தளமே ஒரு படகு என்பதுபோல.
போன மாதம் வெந்நீர்ப் பையில் குதிகால் வெந்தது.
கொப்புளம் உடைந்து காலுறை நனைந்தபோது
செவிலி யெல்ட்யேதான் கண்டாள்.
அவன் அப்போது கதை சொல்லிக்கொண்டிருந்தானாம்.

இருபத்தாறு வருடம் பாலம் தூக்கியவன்.
மரச்செருப்பைத் தூண்டில் கயிற்றில் கட்டி இறக்கி
படகுக்காரர்களிடம் சில்லறை வாங்கியவன்.
"நேற்று நல்ல கூட்டம்," என்கிறான்,
"ஒட்டகச்சிவிங்கி மூன்று ஏற்றி ஒரு படகு.
கழுத்துக்காகவே பாலத்தை முழுசாய்த் தூக்கினேன்."
பொய்யில்லை.
பள்ளம் விழுந்த இடத்தில் மூளை
கைக்குக் கிடைத்ததைக் கொட்டி நிரவுகிறது.
சொல்லும்போது கண்மணிகள் இரண்டும்
இடமும் வலமுமாய்த் துடிக்கின்றன,
அவ்வளவுதான்.

அன்று என் கை அவன் கைக்குள் இருந்தது.
(இப்போதெல்லாம் மென்மையான கை. அதுவும் ஒரு கொடுமை.)
கோணிப்போன என் கட்டைவிரலைத் தடவிப் பார்த்து
"யார் இப்படிச் செய்தது?" என்றான்.
குரலில் நிஜமான கோபம்.
"பெயரைச் சொல். சும்மா விடமாட்டேன் அந்த நாயை."

சமையலறைக் கதவு. நவம்பர். இரவு இரண்டு மணி.
ஒரு பக்கம் அவன் தோள், நிலைச்சட்டத்தில் என் கை.
அந்த இரவுக்குச் சாட்சிகள் இரண்டு பேர் இருந்தோம்.
இப்போது நான் ஒருத்திதான்.

"கார்க் கதவு," என்றேன்.
காபி வந்தது. பாதி குடித்துக் கோப்பையை வைத்தான்.
"யார் இப்படிச் செய்தது?"
"ஒரு குதிரை."
அதையும் நம்பினான்.
எனக்கே வியப்பாக இருந்தது,
பள்ளத்தை நிரவ இத்தனை சுலபமாக வருகிறதே என்று.

மூன்றாம் முறை கேட்டான்.
"நீ," என்றேன்.

என் விரலைப் பார்த்தான்.
தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
யாரோ கொடுத்துவைத்துப் போன பொருளைப்போல.
"நானா?"
பிறகு அழுதான், தோள் குலுங்க.
"மன்னித்துவிடு, பௌக்யே."

எத்தனை வருடம் காத்திருந்த சொல்!
முழுசாக வந்தது, சரியான பெயரோடு.
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலு நிமிடம் இருந்தது.

கீழே பாலத்து மணி அடித்தது.
அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது.
கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரமான விரலை என்னிடம் காட்டி
"மழையா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லி
எழுந்துபோய்
திறந்தே இல்லாத ஜன்னலை மூடினேன்.